தவளைக்கால் குஞ்சும் தையல்காரர் பதிலும்

கேள்வி: வீட்டில் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறோம். கடையில் வாங்கிய பிளைவுட் பெட்டியில் முதல்முறையாக ஐந்து முட்டை வைத்து மூன்று பொரித்தன. மூத்த குஞ்சுக்கு இன்று 12 நாள். சின்னது இரண்டும் காலை வயிற்றுக்கு அடியில் மடக்கிக்கொள்கின்றன. பெரியது மட்டும் இரண்டு காலையும் பக்கவாட்டில் விரித்து, தண்ணீரில் நீந்துவதுபோல வயிற்றால் தேய்த்துக்கொண்டு போகிறது. கடைக்காரர், "இது தேறாதும்மா, எடுத்துப் போட்டுடுங்க" என்கிறார். மகள் சாப்பிடாமல் அழுகிறாள். ஏதாவது வழி உண்டா?
— ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே போனில் சொல்லிவிட்டேன். 12 நாள் குஞ்சு அடுத்த இதழ் வரைக்கும் காத்திருக்காது. இதே கேள்வியோடு இன்னும் நாலு கடிதம் கிடப்பதால், சொன்னதை இங்கே விவரமாக எழுதுகிறேன்.

நான் மருத்துவன் இல்லை. விருதுநகரில் லேடீஸ் டெய்லர். கடைக்குப் பின்னால் மொட்டைமாடியில் பதினைந்து வருஷத்துக்கு மேலாக இந்தப் பறவைகளை வளர்க்கிறேன். லவ் பேர்ட்ஸ் என்று நாம் கூப்பிடுவது பட்ஜி, ஆஸ்திரேலியாக்காரன். நிஜமான லவ் பேர்டுக்கு ஊர் ஆப்பிரிக்கா. பேர் மாறிப்போனாலும் பழகிவிட்டது, விடுங்கள்.

இந்தத் தவளைக்கால் ஏன் வருகிறது? நான் பார்த்தவரையில் முதல் குற்றவாளி தரை. ஆஸ்திரேலியாவில் பட்ஜி கூடு கட்டுவதில்லை. மரப்பொந்துக்குள் போய், அடியில் உதிர்ந்து கிடக்கும் மரத்தூள் மேல் முட்டையிடும். அடி குழிவாக, சொரசொரப்பாக இருக்கும். குஞ்சின் நகத்துக்குப் பிடி கிடைக்கும். நாம் அதற்கு வழவழப்பான பிளைவுட் பலகையைக் கொடுக்கிறோம். கால் வழுக்குகிறது. மேலே தாய் உட்கார்ந்து அழுத்துகிறது. தாயின் எடை 35 கிராம்தான், ஆனால் பொரித்த அன்று குஞ்சு இரண்டு கிராம்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், நம் மேல் ஒரு யானைக்குட்டி உட்கார்ந்த மாதிரி. முட்டைகள் ஒருநாள் விட்டு ஒருநாள் பொரிவதால், முதல் குஞ்சு தனியாக அந்தப் பாரத்தைத் தாங்குகிறது. உங்கள் மூத்ததுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும். இதோடு தாய்க்குச் சுண்ணாம்புச் சத்தும் குறைவு என்றால் குஞ்சின் எலும்பு மெழுகு மாதிரி வளையும்.

அந்த மெழுகுத்தனம்தான் நமக்குச் சாதகமும். முதல் இரண்டு வாரத்தில் காலைச் சேர்த்துப் பிடித்து வைத்தால் எலும்பு நேராக வளரும். மூன்றாவது வாரத்தில் பாதி பலன். ஒரு மாதம் ஆனால் எலும்பு இறுகிவிடும். பிறகு கட்டிப் பிரயோஜனம் இல்லை, வலிதான் மிச்சம்.

கட்டுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். கால் வீங்கியிருக்கிறதா, நீலம் பாரித்திருக்கிறதா, தொட்டால் மற்ற காலைவிடச் சில்லென்று இருக்கிறதா, ஒரு கால் மட்டும் துணி மாதிரித் தொங்குகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அது முறிவாகவோ நரம்புக் கோளாறாகவோ இருக்கலாம். வீட்டில் கை வைக்காதீர்கள். உங்களுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி, கொங்குப் பக்கம் நாமக்கல், தஞ்சைப் பக்கம் ஒரத்தநாடு. வெறும் விரிந்த கால் என்றாலும், முதல் கட்டை டாக்டர் கையால் போடச் சொல்லிப் பார்த்துக்கொள்வது உத்தமம். அதற்கு வழியே இல்லாதவர்களுக்குத்தான் கீழே உள்ளது.

ரப்பர் பேண்ட் வேண்டாம். நூல் வேண்டாம். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். 2009இல் என் முதல் ஈட்டில், அதாவது முதல் தடவை பொரித்த குஞ்சுகளில், இதே மாதிரி ஒன்று. டெய்லருக்குத் தெரியாத கட்டா என்று மெல்லிய ரப்பர் பேண்டை எட்டு வடிவத்தில் இரண்டு காலுக்கும் மாட்டிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் வலது பாதம் கறுத்து, விரல்கள் உலர்ந்த மிளகாய்க் காம்பு மாதிரி. நாலு நாளில் பாதம் கழன்று விழுந்தது. ஒரே ராத்திரி! அந்தக் குஞ்சைப் பற்றிக் கடைசிப் பதிலில் சொல்கிறேன்.

இப்போது நான் பயன்படுத்துவது ஃபோம். பிளவுஸ் கப்புக்கு வாங்குவோமே, அந்த மெல்லிய ஃபோம். உங்களுக்கு முகத்துக்கு மேக்கப் போடும் ஸ்பாஞ்ச் போதும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் தோலை அறுக்கும். ஒரு அங்குல நீளம், அரை அங்குல உயரத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். அதன் ஒரு ஓரத்தில் இரண்டு வெட்டு, உள்ளே பாதி ஆழம்வரை. இரண்டு வெட்டுக்கும் நடுவில் அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூட, அதாவது உங்கள் மகளின் சுண்டுவிரல் அகலம். ரொம்ப நெருக்கினால் குஞ்சு குப்புற விழும். நல்ல பட்ஜி நிற்கும்போது கால்கள் ஒட்டி நிற்பதில்லை.

குஞ்சுக்குத் தீனிப்பை நிறைந்திருக்கும் நேரத்தில் தூக்காதீர்கள். அமுக்கினால் தீனி மேலேறி மூச்சுக்குழாயில் போய்விடும். ஃபேனை நிறுத்துங்கள். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு குஞ்சை மல்லாக்க உள்ளங்கையில் வையுங்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் மாட்ட வேண்டும். எங்கள் வீட்டில் பிடிப்பது என் மனைவி, திட்டு வாங்குவது நான். பின்பக்கமாக மடங்கும் ஒரு மூட்டுத் தெரியும். முட்டி என்று நினைப்போம்; உண்மையில் அது கணுக்கால், முட்டி இறகுக்குள் மறைந்திருக்கும். அந்த மூட்டுக்கும் பாதத்துக்கும் நடுவில் உள்ள பகுதியை வெட்டுக்குள் நுழையுங்கள். விரல்களில் இரண்டு முன்னாலும் இரண்டு பின்னாலும் இருக்கும்படி பாதம் தரையைப் பார்க்க வேண்டும். பிறகு ஃபோமின் வாயை மூட, மெடிக்கல் கடையில் கிடைக்கும் பேப்பர் பிளாஸ்திரியைக் கால் அங்குல அகலத்தில் கிழித்து வெளிப்புறமாக ஒரு சுற்று. பசை ஃபோமில் மட்டும் படட்டும், தோலில் படக் கூடாது. மொத்த வேலையும் பத்து நிமிஷத்தைத் தாண்டக் கூடாது.

அரை மணி கழித்து விரல்களைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்தாலோ, நீலமானாலோ, வீங்கினாலோ உடனே கழற்றுங்கள். ராத்திரிக்கு முன் இன்னொரு தடவை, காலையில் இன்னொரு தடவை. சில தாய் அந்த வெள்ளைப் பிளாஸ்திரியைக் கொத்திக் கழற்றப் பார்க்கும். குஞ்சின் காலையும் சேர்த்துக் கொத்துகிறதா என்று முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்காருங்கள். குஞ்சு நாளுக்கு நாள் பெருக்கிற வயசு என்பதால் இரண்டு நாளுக்கு ஒருமுறை புது ஃபோம், வெட்டு கொஞ்சம் பெரிதாக. ஒரு வாரம், பத்து நாளில் தெரிந்துவிடும்.

கட்டோடு பழைய வழுக்குத் தரையிலேயே விட்டால் எல்லாம் வீண். தச்சுப் பட்டறையில் இழைப்புளியில் விழும் மரச்சீவலை இரண்டு அங்குலத்துக்குப் பரப்புங்கள். பிளைவுட் அறுத்த தூள் ஆகாது, அதில் பசை இருக்கிறது. தேங்காய் நாரும் ஆகாது, விரலில் சுற்றும். தாய் சீவலை வெளியே தள்ளுவாள், எல்லாத் தாயும் தள்ளுவாள். நீங்கள் மறுபடி போடுங்கள். அடுத்த ஈட்டுக்குள் ஆசாரியிடம் சொல்லிப் பெட்டி அடியில் ஒரு குழிவான கட்டை போட்டு, உளியால் கீறிவிடச் சொல்லுங்கள். நம் ஊர் மண்பானைக்கு இந்த விஷயத்தில் நூற்றுக்கு எழுபது கொடுப்பேன்: குழிவு இருக்கிறது, பிடிப்புப் போதாது, சீவல் போட்டால் சரியாகிவிடும்.

நாலைந்து நாள் குஞ்சாக இருக்கும்போதே கால் விரிவதைக் கண்டுகொண்டவர்கள் கட்டவே வேண்டாம். சீவலில் சின்னக் கிண்ணம் அளவுக்குக் குழி செய்து, காலை அடியில் மடக்கி, கூடப்பிறந்தவைகளுக்கு நடுவில் செருகி வையுங்கள். அண்ணன் தம்பியே இரண்டு பக்கமும் முட்டுக்கொடுக்கும்.

உங்கள் வீடியோ பார்த்தேன் சகோதரி. இடது கால் நேர். வலது கால் கொஞ்சம் வெளியே சாய்கிறது, ஆனால் கம்பியைப் பிடிக்கிறது. மகளிடம் சொல்லுங்கள், சாப்பிடலாம்.

கேள்வி: குஞ்சுகளுக்குக் கால் வளையாமல் இருக்க, குழந்தைகளுக்குக் கொடுக்கும் கால்சியம் சிரப்பைத் தண்ணீரில் கலக்கலாமா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். அதில் பெரும்பாலும் வைட்டமின் டி3 சேர்ந்திருக்கும். 35 கிராம் உடம்புக்கு எத்தனை சொட்டு என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டி3 கூடினால் சிறுநீரகம் கெடும். கடல்நுரை, அதாவது கணவாய் மீனின் ஓடு, ஒன்றைக் கம்பியில் செருகி வையுங்கள். முட்டையிடப்போகும் பெண் அதை ரம்பம் மாதிரி அரைப்பதைப் பார்க்கலாம். வேகவைத்த முட்டையின் ஓட்டைப் பொடித்து, முட்டையோடு பிசைந்து வாரத்தில் இரண்டு நாள். முருங்கைக்கீரைக் கொத்து தினமும் கட்டலாம். பாலக்கீரை ஆகாது, அது சுண்ணாம்பைச் சேரவிடாது. வெறும் தினையும் கம்பும் போட்டுவிட்டுக் குஞ்சு ஏன் வளைகிறது என்று கேட்பவர்கள் இந்த மாதம் மட்டும் ஆறு பேர்! இதெல்லாம் தாய்க்கு, முட்டை வைப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே. கூடவே காலை வெயில் அரை மணி, பாதிக் கூண்டு நிழலில். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் டி3 உண்டாகாது.

கேள்வி: முட்டை வைத்துக்கொண்டிருந்த பெண் பறவை நேற்றிலிருந்து கூண்டின் அடியில் உப்பிக்கொண்டு, காலை இழுக்கிறது. இதற்கும் ஃபோம் கட்டலாமா?
— ஒரு வாசகர், வேலூர்

பதில்: கூடாது! இது காலின் கோளாறாக இருக்காது. முட்டை உள்ளே சிக்கி நரம்பை அழுத்தினால் கால் இப்படித்தான் இழுக்கும். சில மணி நேரத்தில் உயிர் போகும் விஷயம். டப்பாவில் வைத்து, பக்கத்தில் வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றி வைத்து, நேராக டாக்டரிடம் ஓடுங்கள். வயிற்றை அமுக்கவே கூடாது, முட்டை உள்ளே உடைந்தால் தீர்ந்தது. உங்களுக்கும் போன் செய்தேன், எடுக்கவில்லை.

கேள்வி: எனக்கு 13 வயது. என் பட்ஜிக்கு மூன்று மாதம். ஒரு கால் பக்கவாட்டில் நீட்டியபடியே இறுகிவிட்டது. பறக்கிறது, சாப்பிடுகிறது. கம்பியிலிருந்து அடிக்கடி விழுகிறது. இப்போது கட்டினால் சரியாகுமா?
— ஒரு மாணவர், மன்னார்குடி

பதில்: ஆகாது தம்பி. கட்டாதே. அதன் காலை மாற்ற முடியாது, கூண்டை மாற்றலாம்.

ரப்பர் பேண்டில் பாதம் போன என் குஞ்சைச் சொன்னேன் இல்லையா? தெருப்பிள்ளைகள் அதற்குக் கொக்கு என்று பேர் வைத்தார்கள். ஒற்றைக் காலில் நிற்குமே, அதனால். ஏழு வருஷம் இருந்தது. அதற்காக நான் செய்ததைத்தான் உனக்கும் சொல்கிறேன். உருண்டைக் கம்பியை எடுத்துவிட்டு, உன் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையான பலகையைக் கூண்டின் மூலையில் அடி. அதன் மேல் பருத்தித் துணி சுற்று. டவல் துணி வேண்டாம், அதன் இழையில் நகம் மாட்டும். பலகை கூண்டின் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும், விழுந்தாலும் அடிபடாது. தீனியும் தண்ணீரும் தட்டையான கிண்ணத்தில், அதே பலகையில்.

தினமும் இரண்டு இடம் பார். ஒன்று, நல்ல காலின் பாதத்து அடி. உடம்பின் பாரமெல்லாம் அதன் மேல் என்பதால் சிவந்து புண்ணாகும். சிவப்பு தெரிந்தாலே டாக்டரிடம் காட்டு. இரண்டு, வால் அடி. சரியாக நிற்க முடியாததால் எச்சம் ஒட்டி அடைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்துத் துடை, பிய்க்காதே. இதை இனத்துக்கு விடாதே; ஆண் என்றால் மேலே ஏற முடியாது, பெண் என்றால் முட்டையை மிதிக்கும்.

கூண்டின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் அளந்து எழுதி அனுப்பு. பலகைக்கு அளவு போட்டு அனுப்புகிறேன்.