லீஃப்லெட் மேப்பில் டபுள் கிளிக் செய்தால் சிங்கிள் கிளிக்கும் சேர்ந்து ஓடுகிறது, எப்படித் தடுப்பது?

கேள்வி: வெப் பக்கத்தில் மேப் காட்ட லீஃப்லெட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியைப் பயன்படுத்துகிறேன். ஒரு கிளிக் செய்தால் அந்த இடத்தின் விவரம் சர்வரிலிருந்து வந்து பாப்அப்பில் தெரிய வேண்டும். டபுள் கிளிக் செய்தால் ஜூம் மட்டும் ஆக வேண்டும். இப்போது டபுள் கிளிக் செய்தால் சர்வருக்கு இரண்டு ரிக்வெஸ்ட் போகிறது, பாப்அப் மினுக்கென்று மூடித் திறக்கிறது, அதற்குப் பிறகுதான் ஜூம் ஆகிறது.

பதில்:

இது லீஃப்லெட்டின் பிழை இல்லை. பிரவுசர் ஈவென்ட் (மவுஸில் என்ன நடந்தது என்ற சேதி) அனுப்பும் வரிசையே அப்படித்தான்: மவுஸ்டவுன், மவுஸ்அப், கிளிக், மறுபடியும் மவுஸ்டவுன், மவுஸ்அப், கிளிக், எல்லாம் முடிந்த பிறகு டபுள்கிளிக். முதல் கிளிக் வந்து விழும்போது பின்னால் இன்னொன்று வருமா என்பது பிரவுசருக்கே தெரியாது. கூகுள் மேப்ஸ் ஆவணத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், டபுள் கிளிக்குக்கு முன் கிளிக் ஈவென்ட் சில சமயம் ஒரு தடவை, சில சமயம் இரண்டு தடவை வரும் என்றே எழுதியிருக்கிறார்கள்.

முதலில் ஒன்றை யோசியுங்கள்: உங்கள் மேப்புக்கு டபுள் கிளிக் ஜூம் உண்மையிலேயே தேவையா? மவுஸ் வீல் இருக்கிறது, மூலையில் கூட்டல் கழித்தல் பட்டன் இருக்கிறது. மேப்பை உருவாக்கும்போதே டபுள்கிளிக்ஜூம் ஆப்ஷனை ஃபால்ஸ் ஆக்கிவிட்டால் காத்திருக்கும் வேலையே இல்லை. அப்போதும் பழக்கதோஷத்தில் இரண்டு தடவை தட்டுபவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக, கிளிக் ஹேண்ட்லரின் (கிளிக் வந்ததும் ஓடும் ஃபங்ஷனின்) முதல் வரியில், பிரவுசர் அனுப்பிய அசல் ஈவென்ட்டான ஒரிஜினல்ஈவென்ட்டின் டீட்டெயில் மதிப்பைப் பாருங்கள். அது எத்தனையாவது தொடர் கிளிக் என்று சொல்லும் எண். 1-க்கு மேல் இருந்தால் அங்கேயே ரிட்டர்ன். 'சரியாக 1 தானா' என்று சோதிக்காதீர்கள். கீபோர்டில் என்டர் தட்டி வரும் கிளிக்குக்கு இந்த எண் 0, அதையும் சேர்த்துத் தடுத்துவிடுவீர்கள்.

ஜூம் கட்டாயம் வேண்டும் என்றால் டைமர்தான். கிளிக் வந்ததும் செட்டைம்அவுட்டில் வேலையைத் தள்ளிப்போட்டு, டபுள்கிளிக் வந்தால் கிளியர்டைம்அவுட்டால் அந்த டைமரை அழிப்பது எல்லோரும் எழுதும் முறை. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. இரண்டாவது கிளிக்கும் அதே ஹேண்ட்லருக்குள் வருவதால் புது டைமர் தொடங்கி, பழைய டைமரின் ஐடியை மேலெழுதிவிடும். டபுள்கிளிக் ஹேண்ட்லர் புதியதை மட்டும் அழிக்கும், பழையது அநாதையாக ஓடி பாப்அப்பைத் திறக்கும். ஆகவே ஹேண்ட்லருக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகப் பழைய டைமரை அழியுங்கள். அடுத்து, டீட்டெயில் 1-க்கு மேல் என்றால் ரிட்டர்ன். அதற்குப் பிறகுதான் புது டைமர். இந்த வரிசையில் எழுதினால் டைமரை அழிக்க டபுள்கிளிக் ஈவென்ட்டை நம்பி இருக்கவே வேண்டாம்.

எத்தனை மில்லிசெகண்ட்? பலரும் 250 என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் டபுள் கிளிக்கின் கால அளவை முடிவு செய்வது ஆப்பரேட்டிங் சிஸ்டம். விண்டோஸில் இயல்பு மதிப்பு 500, மவுஸ் செட்டிங்கில் பயனர் கூட்டவும் செய்யலாம். 400 மில்லிசெகண்ட் இடைவெளியில் நிதானமாக இரண்டு தட்டு தட்டுகிற ஒருவருக்கு உங்கள் டைமர் 250-இல் ஓடி முடிந்துவிடும், பிறகு டபுள்கிளிக்கும் வரும். பழைய சிக்கல் அப்படியே திரும்பும். 500 வைத்தாலோ, ஒவ்வொரு சிங்கிள் கிளிக்கும் மந்தமாகத் தெரியும். 300 அளவில் வைத்துக்கொண்டு, தாமதமாக வரும் டபுள் கிளிக்குக்குத் தனி ஏற்பாடு செய்வதே சரி: சர்வருக்குப் போகும் ஃபெட்ச் ரிக்வெஸ்டை, பாதியில் ரத்து செய்ய உதவும் அபார்ட்கன்ட்ரோலரோடு அனுப்புங்கள், டபுள்கிளிக் வந்தால் அதை ரத்து செய்து, திறந்த பாப்அப்பையும் மூடிவிடுங்கள்.

காத்திருக்கும் அந்த 300 மில்லிசெகண்டில் திரை சும்மா இருந்தால் 'கிளிக் ஆகவில்லையோ' என்று ஆள் மறுபடி தட்டுவார். கிளிக் விழுந்த இடத்தில் உடனே ஒரு சின்ன வட்டத்தைக் காட்டிவிடுங்கள். டபுள் கிளிக் ஆனால் அதை எடுத்துவிட்டால் போயிற்று. தள்ளிப்போட வேண்டியது சர்வர் வேலையையும் பாப்அப்பையும் மட்டும்தான். பாப்அப்பை முதல் கிளிக்கிலேயே திறப்பதில் வேறொரு வம்பும் உண்டு. திரை ஓரத்தில் இருந்தால், பாப்அப் முழுதாகத் தெரிவதற்காக ஆட்டோபேன் மேப்பையே நகர்த்தும், இரண்டாவது கிளிக் வேறு இடத்தில் விழும், ஜூமும் அந்த இடத்தை நோக்கிப் போகும். இதே காரணத்தால், எந்த வடிவத்தின் மேல் கிளிக் விழுந்தது என்ற சோதனையைப் பிக்ஸலை வைத்துச் செய்வதானால் கிளிக் வந்த கணத்திலேயே செய்து, விடையை மட்டும் டைமருக்குள் கொண்டுபோங்கள். 300 மில்லிசெகண்ட் கழித்து அதே பிக்ஸலில் வேறு ஏதாவது இருக்கலாம்.

பாலிகன்களுக்கும் (மேப்பில் வரைந்த பலகோண வடிவங்களுக்கும்) தனி கிளிக் ஹேண்ட்லர் இருந்தால் இன்னொன்றைக் கவனியுங்கள். லீஃப்லெட்டில் மார்க்கர் மேல் விழும் கிளிக் மேப்புக்குப் போகாது, பாலிகன், கோடு மேல் விழுவது போகும். ஈவென்ட்டை மேப்புக்கும் அனுப்புவதா என்று முடிவு செய்யும் பப்ளிங்மவுஸ்ஈவென்ட்ஸ் ஆப்ஷனின் இயல்பு மதிப்பு இரண்டுக்கும் வேறு. பாலிகனில் ஒரே கிளிக்குக்கு இரண்டு பாப்அப் வந்தால் டைமரைச் சந்தேகிக்காமல் இதைப் பாருங்கள்.

ஓப்பன்லேயர்ஸ் என்ற இன்னொரு மேப் லைப்ரரிக்கு மாறும் எண்ணம் இருந்தால், அங்கே இதை உள்ளேயே செய்து வைத்திருக்கிறார்கள். கிளிக் உடனே வரும். சிங்கிள்கிளிக் என்று தனி ஈவென்ட் 250 மில்லிசெகண்ட் காத்திருந்து வரும். டபுள் கிளிக்கையும் அதே 250 கணக்கில் அந்த லைப்ரரியே தீர்மானிப்பதால், இரண்டும் சேர்ந்து வரும் சிக்கல் இல்லை. வடிவத்தைத் தேர்வு செய்ய உதவும் செலக்ட் இன்டராக்‌ஷன் மந்தமாக இருக்கிறது என்று பலர் குறைப்படுவதற்குக் காரணம், அது இயல்பாகவே சிங்கிள்கிளிக்கைப் பயன்படுத்துவதுதான். கண்டிஷனைக் கிளிக் என்று மாற்றினால் உடனே தேர்வாகும். ஆனால் வடிவம் வரைய உதவும் ட்ரா இன்டராக்‌ஷனில் டபுள் கிளிக் செய்து பாலிகனை முடித்தால் மேப் ஒரு படி ஜூம் ஆகிவிடும் தொல்லை உண்டு. வரையத் தொடங்கும்போது டபுள்கிளிக்ஜூம் இன்டராக்‌ஷனை அணைத்து, வரைந்து முடிந்ததும் 250-க்குச் சற்று மேலான டைமரில் மறுபடி இயக்குங்கள். உடனே இயக்கினால் அந்தக் கடைசி டபுள் கிளிக் அதன் கையில் சிக்கிவிடும்.

சோதிக்கும்போது உங்கள் வேகத்தில் மட்டும் தட்டிப் பார்க்காதீர்கள். மவுஸ் செட்டிங்கில் டபுள் கிளிக் வேகத்தைக் குறைத்து வைத்து ஒரு தடவை, நெட்வொர்க்கை மெதுவாக்கி ஒரு தடவை, போனில் இரட்டைத் தட்டு தட்டி ஒரு தடவை. பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் உள்ள நெட்வொர்க் டேபில் டபுள் கிளிக்குக்கு ஒரு ரிக்வெஸ்ட்கூடப் போகக்கூடாது; போனாலும் ரத்தானதாகத்தான் தெரிய வேண்டும்.