ஏப்ரலில் கண்ணில் படாத ஐந்து பேர் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

வணக்கம். அரோராவில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். மகள் பௌல்டரில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் படித்தாள். அவளால்தான் எனக்கு அமெரிக்கக் கால்பந்துப் பைத்தியம் பிடித்தது. 2023 ஏப்ரல் 22 அன்று அந்தப் பல்கலைக்கழக மைதானமான ஃபோல்சம் ஃபீல்டில் நடந்த ஸ்பிரிங் கேமுக்கு, அதாவது சீசனுக்கு முன் அணி தனக்குள்ளேயே ஆடும் ஆட்டத்துக்கு, அவளோடு போயிருந்தேன். டியோன் சாண்டர்ஸ் கோச்சாக வந்த பிறகு அணி மக்கள் முன் இறங்கிய முதல் நாள். அந்தக் குளிரிலும் உட்கார இடமில்லை. அவர் மகன் ஷெடூர் எறிந்த பந்தெல்லாம் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 98 யார்டு ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டிய டச்டவுன் ஒன்று வந்தபோது நானும் மகளும் எழுந்து நின்று கத்தினோம். திரும்பும் வழியில் காரிலேயே சொல்லிவிட்டேன், இந்த வருஷம் எட்டு ஆட்டம் ஜெயிப்போம் என்று.

ஜெயித்தது நாலு, தோற்றது எட்டு. இன்றுவரை எனக்குப் புரியவில்லை. என் கண்ணால் பார்த்ததுதானே? எதைப் பார்க்காமல் விட்டேன்? இந்த ஏப்ரலிலும் போகலாம் என்கிறாள் மகள். போனால் எதைப் பார்த்து இந்த அணி தேறுமா என்று சொல்வது?

கே., அரோரா

அன்புள்ள கே.,

நீங்கள் பார்த்ததில் பொய் எதுவும் இல்லை. ஷெடூர் சாண்டர்ஸ் அன்று 19 முறை எறிந்து 16 முறை ஆளிடம் சேர்த்தார், 234 யார்டு. அதே கைதான் செப்டம்பர் 2 அன்று டி.சி.யு. (டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) மைதானத்தில் 510 யார்டு எறிந்து 45-42 என்று ஜெயித்துக் கொடுத்தது. டி.சி.யு. முந்தைய சீசனில் இறுதிப் போட்டிவரை போன அணி. கொலராடோவோ முந்தைய சீசனில் பன்னிரண்டில் ஒன்றே ஒன்று ஜெயித்த அணி. ஆகவே ஏப்ரலில் நீங்கள் எடைபோட்ட அந்தக் கை அசல். நீங்கள் பார்க்காமல் விட்டது அந்தக் கைக்கு முன்னால் நின்ற ஐந்து பேரை.

இந்த ஆட்டம் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வசந்த காலத்தில் ஒரு அணிக்கு 15 பயிற்சிதான் அனுமதி. அதில் ஒன்றைத்தான் கூட்டத்தைக் கூட்டி ஆட்டமாக நடத்துகிறார்கள். சொந்த அணியே இரண்டாகப் பிரிந்து மோதும். பந்தை எறியும் குவாட்டர்பேக்குக்கு, இங்கே ஷெடூருக்கு, அடிபட்டால் வருஷமே போச்சு என்பதால் அவரை யாரும் வீழ்த்தக் கூடாது. எதிரி கிட்டே வந்தால் விசில் ஊதி நிறுத்திவிடுவார்கள். அக்டோபரில் அதே இடத்தில் விசில் கிடையாது. 130 கிலோ ஆள் ஓடி வந்து நெஞ்சில் மோதுவான். 2023 சீசனில் ஷெடூர் இப்படி வீழ்த்தப்பட்டது 52 முறை. கடைசி ஆட்டத்தில் அவரால் இறங்கவே முடியவில்லை. பந்தைக் கையில் வாங்கி ஓடும் ஆட்டத்திலும் அந்த அணி ஆட்டத்துக்குச் சராசரி 70 யார்டைக்கூடத் தொடவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒரே இடம்தான், லைன், அதாவது எதிரியைத் தடுக்க அந்த ஐவர் நிற்கும் வரிசை.

என் இளைய மகன் பள்ளியில் மூன்று வருடம் ரைட் கார்டாக ஆடினான். அந்த ஐவரில் ஒருவன். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நூறு சாயங்காலமாவது அவனைப் பார்த்திருப்பேன். முதல் வருடம் பந்து பின்னாலேயே என் கண் ஓடும், மகன் என்ன செய்தான் என்றே தெரியாது. பக்கத்தில் நிற்கும் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற கோச், ஒருநாள் சொன்னார்: பந்தை விடு, உன் பையன் வைக்கும் முதல் அடியைப் பார். பார்க்கப் பார்க்கப் புரிந்தது. நடுவில் நிற்கும் சென்டர் எதிரே நிற்பவர்களைக் கணக்கிட்டு ஒரு வார்த்தை கத்துவான். அது இடமும் வலமும் வாய்மாறிப் போகும். பந்து நகர்ந்ததும் ஐந்து பேரின் முதல் அடியும் ஒன்றாக விழ வேண்டும். கபடியில் கைகோத்துச் சங்கிலி போடுகிறவர்களுக்குத் தெரியும், ஒருத்தன் அரை நொடி பிந்தினால் சங்கிலியே இல்லை. என் மகன் ஒருமுறை அப்படிப் பிந்தினான். குவாட்டர்பேக் பையன் எழுந்திருக்க நேரமாயிற்று. அன்றிரவு இவன் சாப்பிடவில்லை. மூன்று வருடத்தில் அவன் பெயரைச் சொல்லி யாரும் கத்தியதில்லை, நானும் அவன் அம்மாவும் தவிர.

அந்த ஒற்றுமை பழகிப் பழகி வருவது. 2023இல் கொலராடோவில் அதற்கு வழியே இல்லை. டியோன் வந்ததும் பழைய வீரர்களைக் கூட்டி, என் சாமான்களை நானே கொண்டுவருகிறேன், நீங்கள் வேறு இடம் பார்க்கலாம் என்கிற தொனியில் பேசியது எல்லோருக்கும் தெரியும். முந்தைய ஆண்டின் உதவித்தொகை வீரர்களில் மிஞ்சியது பத்துப் பேர் அளவில்தான். எனக்கு அது இன்றும் வலிக்கிறது. பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் அவர்கள். டியோனின் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை, அந்தப் பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

நீங்கள் எழுந்து நின்று கத்திய 98 யார்டு டச்டவுனையே எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்து ஓடியவர் மான்டானா லெமோனியஸ்-கிரெய்க், பழைய அணியிலிருந்து மிஞ்சியவர்களில் ஒருவர். அடுத்த சில நாட்களில் அவரும், வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்து அரிசோனாவுக்குப் போய்விட்டார். அவரோடு இன்னும் பலர். அன்று நீங்கள் எடைபோட்ட அணி மே மாதமே இல்லை. நவம்பரில் கொலராடோ 34-31 என்று தோற்றது அதே அரிசோனாவிடம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சொந்த அணியோடு மோதும்போது ஒரு பக்கம் நன்றாக ஆடினால் மறுபக்கம் மோசமா என்று கேட்டாக வேண்டும். 98 யார்டு ஒருவர் ஓடினார் என்றால் 98 யார்டு தூரம் அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை என்றும் அர்த்தம். அந்தத் தடுப்பாட்டம் சீசனில் ஆட்டத்துக்கு 34 புள்ளிக்கு மேல் விட்டுக்கொடுத்தது. ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக இடைவேளையில் 29-0 என்று முன்னால் இருந்துவிட்டு இரண்டாவது கூடுதல் நேரத்தில் 46-43 என்று தோற்ற இரவை உங்கள் மகள் மறந்திருக்க மாட்டாள்.

கூட்டத்தையும் கணக்கில் சேர்க்காதீர்கள். அன்று 47,277 பேர், முந்தைய ஆண்டு 1,950 பேர். அந்த வித்தியாசத்தைப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும். ஆனால் 2007இல் நிக் சேபன் அலபாமாவுக்குக் கோச்சாக வந்த முதல் வசந்தத்தில் 92,138 பேர் வந்தார்கள். அந்த சீசனில் அலபாமா 7-6, அதாவது ஏழு வெற்றி, ஆறு தோல்வி. லூசியானா-மன்றோ என்ற சின்ன அணியிடம் சொந்த மண்ணிலேயே தோற்றது. 2008இல் 12-2, 2009இல் ஒரு தோல்விகூட இல்லாமல் சாம்பியன். கொலராடோவும் இரண்டாம் ஆண்டில் 9-4க்கு வந்தது, அதன் வீரர் டிராவிஸ் ஹன்டர், கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹெய்ஸ்மன் விருது வாங்கினார். அந்த ஆண்டு ஐவரில் இடது ஓரத்தில் நிற்கும் இடது டேக்கிளாக ஜோர்டன் சீட்டன் வந்திருந்தார். அப்போதும் ஷெடூர் 42 முறை விழுந்தார், ஆனாலும் எறிய நேரம் கிடைத்தபோது 4,134 யார்டு எறிந்தார். ஷெடூரும் ஹன்டரும் போன பிறகு 2025இல் அணி 3-9.

இந்த ஏப்ரலில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. வீரர்கள் கல்லூரி மாறுவதற்கு இருந்த வசந்த கால டிரான்ஸ்ஃபர் சாளரத்தை மூடிவிட்டார்கள், இனி ஜனவரியில் மட்டும்தான். 2025இல் நெப்ராஸ்கா போன்ற இடங்களில், நம் பையன்களைப் பார்த்துவிட்டு அடுத்தவன் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்று பயந்து ஸ்பிரிங் கேமையே வழக்கம்போல் நடத்தாமல் விட்டார்கள். இப்போது மைதானத்தில் நீங்கள் பார்க்கும் பையன்தான் அநேகமாக செப்டம்பரிலும் இருப்பான்.

ஆகவே போங்கள். பக்கவாட்டில் வேண்டாம், மைதானத்தின் முனையில் இருக்கும் எண்ட் ஸோனுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் டிக்கெட் எடுங்கள். அங்கிருந்துதான் ஐவருக்கும் நடுவே இருக்கும் சந்து தெரியும். முதல் இருபது முறை பந்தைப் பார்க்காமல் உட்காருவது கஷ்டம்தான், சுற்றி எல்லோரும் கத்துவார்கள். விசில் ஊதும் கணத்தில் எதிரி எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். குவாட்டர்பேக்குக்கு ஒரு கை தூரத்தில் என்றால் அதை நீங்களே ஒரு வீழ்ச்சி என்று எழுதிக்கொள்ளுங்கள், பந்து யார் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தாலும் சரி. பிறகு இரண்டாம் வரிசை ஐவர் இறங்குவார்கள். மூன்றாவது வாரத்தில் ஒருவனுக்கு முழங்கால் போனால் உள்ளே வரப்போவது அவர்களில் ஒருவன்தான். அப்போது பாதிக் கூட்டம் சாப்பிட எழுந்து போகும். நீங்கள் போகாதீர்கள்.

மகளிடம் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்துவிடுங்கள். ஐவரின் எண்ணையும், யார் பக்கம் எத்தனை முறை உடைந்தது என்பதையும் அவள் எழுதட்டும். அந்தத் தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். எத்தனை ஜெயிக்கும் என்று அதை வைத்துப் பேசுவோம்.