கேமிங் பிசி அசெம்பிள் பண்றதா, ரெடிமேடா வாங்குறதா? நம்ம டெல்டா ஆளுங்க கேட்டதுக்கு பதில்

கும்பகோணம், காலேஜ் படிக்கிற தம்பி: அண்ணே 80 ஆயிரம் இருக்கு, வேலரண்ட், ஜிடிஏ ஆடணும். அசெம்பிளா ரெடிமேடா?

தம்பி, ரெண்டு வருஷம் முன்னாடின்னா யோசிக்காம, பார்ட் பார்ட்டா வாங்கி மாட்டுற அசெம்பிள்னு சொல்லிருப்பேன், இப்ப கணக்கு போட்டுத்தான் சொல்லணும். 2025 கடைசிலேந்து ராம், அதாவது மெமரி, விலை தாறுமாறா ஏறிப்போச்சு, ஏஐ டேட்டா சென்டர்காரங்க மெமரிய மொத்தமா அள்ளிக்கிறாங்க, மைக்ரான் கம்பெனி க்ரூஷியல்ங்கிற பேர்ல நமக்கு வித்துட்டு இருந்ததையே நிறுத்துறோம்னு 2025 டிசம்பர்ல சொல்லிட்டாங்க. அதனால பழைய விலை ராம் போட்ட ரெடிமேடு செட்டு சில சமயம் தனித்தனியா வாங்குறத விட மலிவா வந்துடுது.

நீ பண்ண வேண்டியது, ரெடிமேடு செட்டுல என்னென்ன இருக்குன்னு ஒவ்வொரு பார்ட்டுக்கும் கம்பெனி பேர், மாடல் நம்பர் கேளு, அதையே தனியா வாங்குனா எவ்வளவுன்னு கூட்டிப்பாரு. எஸ்எம்பிஎஸ்னா கரண்ட்ட பிசிக்கு ஏத்தாப்ல மாத்திக் குடுக்கிற பவர் பாக்ஸ், சும்மா "650 வாட் எஸ்எம்பிஎஸ்"னு மட்டும் எழுதி கம்பெனி பேரே போடலன்னா அந்த செட்ட விட்டுடு. 16 ஜிபி ராம ஒரே ஸ்டிக்கா போட்டிருந்தா கேம்ல ஸ்பீடு குறையும், ரெண்டு 8 ஜிபி ஸ்டிக்கா கேளு. விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான்னா அசெம்பிள் பண்ணிடு. ஏஎம்டி கம்பெனியோட ரைசன் 5 7600 மாதிரி, ஏஎம்5ங்கிற சாக்கெட் (ப்ராசசர் உக்கார்ற இடம்) இருக்கிற போர்டுல போடுற ப்ராசசர் எடு, அந்த சாக்கெட்டுக்கு 2027 வரைக்குமாவது சப்போர்ட் உண்டுன்னு ஏஎம்டியே சொல்லிருக்கு, நாளைக்கு ப்ராசசர் மட்டும் மாத்திக்கலாம்.

மயிலாடுதுறை, ஒரு அப்பா: பையன் ஆன்லைன்ல ஐ7, 16 ஜிபி, 4 ஜிபி கிராபிக்ஸ், 20 ஆயிரம்னு காட்டுறான். வாங்கலாமா?

வேண்டாம் சார். ஐ7னு மட்டும் போட்டு எந்த ஜெனரேஷன்னு போடமாட்டாங்க, உள்ள பாத்தா 2012ல வந்த ஐ7 3770 இருக்கும், கிராபிக்ஸ் 2014ல வந்த ஜிடி 730 இருக்கும். ஐ7 பண்ற இன்டெல்ல 8வது ஜெனரேஷனுக்கு முந்துனதுக்கு, ஒண்ணு ரெண்டத் தவிர, விண்டோஸ் 11 சப்போர்ட்டே கிடையாது, விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட்ட 2025 அக்டோபர் 14ஓட நிறுத்திட்டாங்க. விண்டோஸ் 11ல வேலரண்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட்னு ரெண்டு பாதுகாப்பு வசதியும் வேணும். எப்படியாவது அதுல 11 ஏத்திட்டாலும், அந்தப் பழசுல டிபிஎம் 2.0 இல்லாததால வேலரண்ட் ஓடாது. இன்னும் கொஞ்சம் சேத்து வச்சு உள்ளயே கிராபிக்ஸ் இருக்கிற ரைசன் 5 5600ஜி ப்ராசசர் போட்டு கிராபிக்ஸ் கார்டு இல்லாம ஆரம்பிங்க, கார்டு அப்பறமா போட்டுக்கலாம்.

மன்னார்குடி பக்கத்து கிராமம்: எங்கூர்ல பம்புசெட்டு ஓடுறப்ப வோல்டேஜ் இறங்கிடும், கரண்ட்டும் போய் போய் வரும். எது தாங்கும்?

நம்ம பக்கம் எல்லாரும் கேக்க வேண்டிய கேள்வி இதுதான். நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ் பலதுல 100லேந்து 240 வோல்ட் வரைக்கும்னு போட்டிருக்கும், அப்படிப் போட்டது வோல்டேஜ் இறங்குனாலும் சமாளிச்சிடும். 80 ப்ளஸ் ஸ்டிக்கர் கரண்ட்ட எவ்வளவு வீணாக்காம மாத்துதுங்கிறதுக்குத்தான், அதப் பாத்து நல்ல எஸ்எம்பிஎஸ்னு முடிவு பண்ணிடாதீங்க. 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும், ஆர்டிஎக்ஸ் 5060 கிராபிக்ஸ் கார்டு மட்டுமே 145 வாட் வரைக்கும் இழுக்கும், ப்ராசசர் மானிட்டர் எல்லாம் சேந்தா இழுபறி ஆயிடும், 1 கேவிஏ (1000 விஏ) வாங்குங்க, அதுவும் சேவ் பண்ணிட்டு ஆஃப் பண்றதுக்குத்தான், ஆட்டத்த முடிக்க இல்ல. வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ்னா அதுல கேமிங் பிசிய மாட்டாதீங்க.

அப்பறம் எர்த்திங். வீட்டுல இப்ப இருக்கிற பிசியோட கேபினெட்ட (வெளிப்பெட்டி) தொட்டா சுர்ருங்குதுன்னா எலக்ட்ரீசியன கூட்டியாந்து எர்த் குழிய பாக்கச் சொல்லுங்க, புது பிசி வாங்குறது அதுக்கப்பறம்தான்.

இதெல்லாம் ரெண்டுக்குமே பொது. ஆனா பெரிய பிராண்டு ரெடிமேடு செட்டு நிறையதுல எஸ்எம்பிஎஸ்ஸோட சைஸ், பின்னு எல்லாம் அவங்க சொந்த டிசைன், அடிச்சுப்போனா கடையில கிடைக்கிற சாதாரணது உள்ள பொருந்தாது, அவங்ககிட்டயேதான் காத்துக் கிடக்கணும். கரண்ட் தொல்லை இருக்கிற ஊர்ல முதல்ல போறதே எஸ்எம்பிஎஸ்தான், அதனால உங்களுக்கு அசெம்பிள்தான்.

நாகப்பட்டினம்: உப்புக் காத்துல துரு புடிச்சிடுமா?

புடிக்கும். கடல் பாத்த ஜன்னல் ஓரம் வைக்காதீங்க, மாசக்கணக்கா ஓட்டாம மூடிப் போடாதீங்க. ஐப்பசி கார்த்திகையில டேபிள் மேலயே வைங்க, இடி இடிச்சா ப்ளக்கோட லேன் கேபிளையும் கழட்டிடுங்க.

தஞ்சாவூர், வேலைக்குப் போற தங்கச்சி: எனக்கு மாட்டத் தெரியாதுண்ணா, சென்னையில எலக்ட்ரானிக்ஸ் கடையெல்லாம் இருக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கே போகணுமா?

வேண்டியதில்லம்மா. பார்ட்ட நீயே முடிவு பண்ணி லிஸ்ட் எழுதிக்கோ, தஞ்சாவூர்லயோ திருச்சியிலயோ கடையில குடுத்தா மாட்டித் தருவாங்க. என் ஓட்டு இதுக்குத்தான், ரெடிமேடோட நிம்மதியும் இருக்கு, உள்ள என்ன இருக்குன்னும் தெரியும். பில்லுல ஒவ்வொரு பார்ட்டுக்கும் சீரியல் நம்பர் எழுதச் சொல்லு, கார்டு, போர்டுக்கெல்லாம் பொதுவா மூணு வருஷம் வாரண்டி தனித்தனியா உண்டு, அட்டைப்பெட்டிய தூக்கிப் போட்டுடாத. பயாஸ்ல (பிசியோட அடிப்படை செட்டிங்ஸ்) எக்ஸ்போங்கிற ராம் வேக செட்டிங்க ஆன் பண்ணிட்டாங்களான்னு பாத்து வாங்கு, இல்லன்னா காசு குடுத்து வாங்குன ராம் முழு வேகத்துல ஓடாது. சென்னையிலேந்தே பஸ்ல கொண்டு வர்றதா இருந்தா கிராபிக்ஸ் கார்ட கழட்டி தனியா அதோட பெட்டியில போட்டு மடியில வச்சுக்கோ, மாட்டுனபடியே வந்தா குலுங்குற குலுக்கல்ல போர்டுல இருக்கிற ஸ்லாட் உடைஞ்சிடும்.