சிபாரிசும் சேதியும்

வணக்கம். கணக்குப் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். நிறுவனம் ஆட்களைக் குறைத்தபோது என் வேலையும் போனது. எட்டு மாதமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருக்கிறேன். "நாலு பேர்கிட்ட சொல்லி வை, பேச்சுவாக்குலதான் வேலை வரும்" என்கிறார் அண்ணன். எனக்கு அது சிபாரிசு கேட்பது போலக் கூச்சமாக இருக்கிறது. போன வாரம் பேருந்தில் பழைய அலுவலகத் தோழி ஒருவர், "இப்போ என்ன பண்றீங்க?" என்றார். "சும்மாதான் இருக்கேன்" என்று பேச்சை மாற்றிவிட்டேன். இறங்கும்போது "கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தற்செயலான பேச்சில் வேலை கிடைப்பதெல்லாம் உண்மையிலேயே நடக்கிறதா?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நடக்கிறது. எனக்கே நடந்திருக்கிறது. மருத்துவமனையில் டோக்கன் வாங்கிக் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஓர் அம்மா, மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளை நீட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஆங்கிலத்தில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். "இப்படிப் புரியற மாதிரி எழுத ஆள் கிடைக்கலைன்னுதான் என் மகன் புலம்பிக்கிட்டு இருக்கான்" என்றார். மருத்துவக் கருவிகளுக்குக் கையேடு தயாரிக்கும் இடத்தில் இருந்தார் அந்த மகன். அப்படியொரு வேலை உலகத்தில் இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. ஒரு பக்கம் மொழிபெயர்த்துக் காட்டச் சொன்னார்கள். இரண்டு முறை திருத்தச் சொன்னார்கள். அப்புறம்தான் எடுத்துக்கொண்டார்கள். நான்கு வருடம் அந்த வேலைதான் எனக்குச் சோறு போட்டது.

அந்த அம்மா எனக்காக யாரிடமும் பரிந்து பேசவில்லை. ஒரு சேதி சொன்னார், அவ்வளவுதான். தகுதி இல்லாதவரை ஆள்பலத்தால் உள்ளே நுழைக்கும் சிபாரிசு மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் 'அங்கே ஆள் தேடுகிறார்கள்' என்று காதில் விழுவது வேறு. அதற்குப் பிறகும் உங்கள் திறமையைக் காட்டித்தானே வேலை வாங்கப் போகிறீர்கள்?

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் இதை ஆராய்ந்து 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர்கள் மூலம் வேலைக்குப் போனவர்களில், வாரம் இரண்டு முறையாவது சந்திக்கும் ஆளிடமிருந்து தகவல் பெற்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான். வருடத்துக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ பார்க்கும் ஆளிடமிருந்து பெற்றவர்கள் 28 பேர். மற்றவர்கள் எப்போதாவது சந்திக்கும் ஆள் மூலம் பெற்றார்கள். "நண்பர் சொன்னாரா?" என்று கேட்டபோது, "நண்பர் இல்லை, தெரிந்தவர்" என்று பலரும் திருத்தினார்களாம். யோசித்தால் காரணம் புரியும். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதான். நாம் போகாத இடத்துச் சேதி வேறு வட்டத்தில் இருப்பவரிடம்தான் இருக்கும். வேலைத் தொடர்புகளுக்கான இணையதளமான லிங்க்ட்இன்னைப் பயன்படுத்தும் இரண்டு கோடிப் பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2022-இல் வந்தது. ரொம்ப நெருக்கமும் இல்லாமல், முற்றிலும் அந்நியமாகவும் இல்லாமல், நடுவாந்தரமாகப் பழகியவர்களால்தான் வேலை மாற்றம் அதிகம் நடந்தது என்று அது காட்டியது. உங்கள் பேருந்துத் தோழி போன்றவர்கள்.

எனக்கு வருத்தம் தந்தது அந்த "சும்மாதான் இருக்கேன்". அதைக் கேட்டவர் வீட்டுக்குப் போய் யாரிடம் என்ன சொல்ல முடியும்? 'வேலை இருந்தா சொல்லுங்க' என்பதும் அப்படித்தான், கேட்ட நிமிடமே மறந்துபோகும். "சம்பளப் பட்டியல் போடுவதும் வங்கிக் கணக்கை ஒத்துப் பார்ப்பதும் எனக்கு நன்றாக வரும், அந்த மாதிரி இடம் தேடுகிறேன்" என்று சொல்லியிருந்தால், அடுத்த நாள் அலுவலகத்தில் யாராவது கணக்கு ஒத்துவரவில்லை என்று தலையில் கை வைக்கும்போது உங்கள் முகம் அவருக்கு ஞாபகம் வரும். அவர் வேலையைப் பற்றியும் கேளுங்கள். எங்கே ஆள் போதவில்லை, எது தேங்கிக் கிடக்கிறது என்பதை விளம்பரம் வருவதற்கு முன்பே சொல்வது அந்தப் பேச்சுதான்.

விண்ணப்பம் போடுவதை நிறுத்த வேண்டாம். தெரிந்தவர் வட்டம் எல்லோருக்கும் ஒரே அளவில் அமைவதில்லை, அது நியாயமும் இல்லை. அந்த வட்டம் சிறிதாக இருப்பவர்களுக்கு விளம்பரம்தான் கதவு. உங்களுக்கோ ஒன்பது வருடம் கூட வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று நேரில் பார்த்தவர்கள்.

அந்தத் தோழி "கூப்பிடுங்க" என்று சொல்லி ஒரு வாரம்தானே ஆகிறது? 'அன்னைக்குச் சரியாப் பேச முடியல' என்று ஆரம்பித்தால் போதும். இன்றைக்கே கூப்பிடுங்கள்.

அன்புடன்.