பாலும் நெய்யும் இல்லாத பொங்கல் விருந்து: கேள்விகளும் பதில்களும்

தை பிறக்கப் போகிறது. பால், தயிர், நெய், தேன் எதுவும் சேர்க்காமல், கையில் இருக்கும் காசுக்குள் பொங்கல் விருந்து சமைப்பது எப்படி என்று பலரும் கேட்டிருந்தீர்கள். புதுச்சேரியில் விசேஷ வீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பது என் தொழில். என் வீட்டில் நனிசைவம்தான், இறைச்சியோடு பால், நெய், தேன் போன்றவையும் கிடையாது. விலை நாளுக்கு நாள் மாறும் என்பதால் ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டு அளவுகளைச் சொல்கிறேன்.

லாசுப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி: அக்கா, நாங்கள் ஐந்து பேர். இந்த மாதம் சம்பளம் தள்ளிப்போகிறது. நெய் இல்லாமல் சர்க்கரைப் பொங்கல் வாசனையாக வருமா?

வரும் அம்மா, நிச்சயமாக வரும். நெய் செய்யும் வேலை இரண்டு. பொங்கல் இறுகிப் போகாமல் பார்த்துக்கொள்கிறது, வாசனை தருகிறது. இந்த இரண்டு வேலைக்கும் ஒரு தேங்காய் போதும்.

புதுப் பச்சரிசி 250 கிராம், பாசிப்பருப்பு 60 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். பருப்பை வெறும் வாணலியில் வாசனை வரும் வரை மட்டும் வறுங்கள், சிவக்க விடாதீர்கள். அரை மூடித் தேங்காயைத் துருவிப் பால் எடுங்கள். முதல் பாலைத் தனியாக மூடி வையுங்கள். இரண்டாம் பாலோடு தண்ணீர் சேர்த்து மொத்தம் ஒன்றேகால் லிட்டர் ஆக்கி, அதில் அரிசியையும் பருப்பையும் வேகவிடுங்கள். ஒரு சோற்றை எடுத்து இரண்டு விரல்களால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியக் கூடாது. அதுவரை வெல்லத்தின் பக்கமே போகாதீர்கள். வெல்லம் விழுந்த பிறகு அரிசி வேகாது, எவ்வளவு நேரம் கிளறினாலும் விதை விதையாகத்தான் நிற்கும்.

வெல்லம் 350 கிராம். அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். மண் இல்லாத வெல்லத்தை நான் பார்த்ததில்லை. பளீரென்ற மஞ்சள் வெல்லம் வேண்டாம், கருத்த வெல்லமே வாங்குங்கள். வெல்லப்பாகு சோற்றோடு சேர்ந்து கொதித்ததும், சிறு கரண்டியில் மூன்று மேசைக்கரண்டித் தேங்காய் எண்ணெயைக் காயவைத்து, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காயை அதில் போடுங்கள். விளிம்பு மட்டும் பழுப்பாகத் தொடங்கும் நேரத்தில் உடைந்த முந்திரி ஒரு கைப்பிடி. முந்திரி பொன்னிறமானதும் எண்ணெயோடு அப்படியே பொங்கலில் கொட்டுங்கள். ஏலக்காய், சுக்கு, ஒரு சிட்டிகை உப்பு. அடுப்பை அணைத்த பிறகுதான் முதல் பால். கொதியில் ஊற்றினால் திரிந்துவிடும்.

முழு முந்திரிக்குச் செலவு செய்யாதீர்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் இடங்களில் உடைசல் பருப்பு முழுப் பருப்பைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சுவை ஒன்றே. பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையையும் எறிய வேண்டாம், அவரைக்காய்ப் பொரியலில் போடுங்கள்.

காலாப்பட்டு விடுதி மாணவர்: அக்கா, நால்வர் ஊருக்குப் போகவில்லை. ஒரு மின்னடுப்பு, ஒரு குக்கர். இதை வைத்து என்ன செய்யலாம்?

வெண்பொங்கலும் கத்தரிக்காய் கொத்சுவும் செய்யுங்கள் தம்பி. கொத்சுவை முதலில் செய்து இறக்கிவிட்டுக் குக்கரைக் கழுவிக்கொள்ளுங்கள். அரிசி இரண்டு டம்ளர், பாசிப்பருப்பு ஒரு டம்ளர், தண்ணீர் பதினைந்து டம்ளர், உப்பு, பெருங்காயம், தட்டிய இஞ்சி. ஐந்து விசில் விடுங்கள். குக்கர் சிறியதென்றால் பாதிப் பாதியாக வையுங்கள். தாளிக்க நல்லெண்ணெய். முழு மிளகும் சீரகமும் எண்ணெயில் வெடித்த பிறகு கறிவேப்பிலை. எண்ணெயில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள், வெண்பொங்கலுக்கு உயிரே அந்தத் தாளிப்புதான். இறுகினால் வெந்நீர் விட்டுக் கிளறுங்கள்.

அரியாங்குப்பத்திலிருந்து: பாதாம் பால், நனிசைவ வெண்ணெய் என்று கடைகளில் விற்கிறார்கள். பண்டிகைக்கு ஒரு முறைதானே, வாங்கலாமா?

வேண்டாம். அந்தக் காசில் இரண்டு தேங்காயும் அரைக் கிலோ நிலக்கடலையும் வந்துவிடும். தேங்காய்ப்பால் தூள் வாங்குகிறவர்களும் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பல தூள்களில் ‘சோடியம் கேசினேட்’ என்று இருக்கும். அது பாலிலிருந்து எடுக்கும் புரதம். பச்சைப் புள்ளி சைவத்துக்கான அடையாளம், பால் சேர்ந்த பண்டத்துக்கும் அதே புள்ளிதான். நனிசைவ உணவுக்கென்று 2022இல் தனி விதிமுறை வந்திருக்கிறது, அதற்குத் தனி முத்திரையும் உண்டு.

கடலூர் முதுநகரிலிருந்து: விருந்தின் கடைசியில் தயிர் இல்லாவிட்டால் என் மாமனாருக்குச் சாப்பிட்ட நிறைவே வராது. என்ன செய்யலாம்?

நல்ல கேள்வி. இது பலருக்கும் தடுக்கி விழும் இடம். நிலக்கடலைத் தயிர் உறைய வையுங்கள். உங்கள் மாவட்டத்தில் விருத்தாசலம் பக்கம் விளையும் கடலையே போதும்.

வறுக்காத நிலக்கடலை 200 கிராமை இரவு முழுக்க ஊறவைத்து, தோலைத் தேய்த்துக் கழுவி, மொத்தம் ஒரு லிட்டர் தண்ணீரில் நைசாக அரைத்து வடிகட்டுங்கள். அடிகனமான பாத்திரத்தில் கை எடுக்காமல் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். கொதித்த பிறகும் பத்து நிமிடம் சிறு தீயில் இருந்தால்தான் பச்சை வாடை போகும். சுண்டுவிரலை விட்டால் பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும், பத்துப் பன்னிரண்டு பச்சைமிளகாயின் காம்புகளை, தொப்பியோடு கிள்ளிக் கழுவி, உள்ளே போட்டு மூடுங்கள். உறைய வைக்கும் நுண்ணுயிர் அந்தக் காம்பில் இருக்கிறது. மார்கழிக் குளிரில் அடுப்பங்கரையிலேயே வையுங்கள், பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம்.

முதல் உறையில் கடலை வாடை தெரியும், கெட்டியும் குறைவு. அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து இரண்டாம் முறை உறைய வைத்தால்தான் தயிரின் புளிப்பு வரும். ஆகவே பொங்கலுக்கு மூன்று நாள் முன்பே தொடங்குங்கள். மாமனாருக்கு மோராகக் கொடுங்கள். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் சேர்த்துத் தாளித்த மோர்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: வெள்ளைச் சர்க்கரையை எலும்புக் கரியில் சுத்தம் செய்கிறார்களாமே?

வெளிநாட்டு ஆலைகள் சிலவற்றில் அப்படி உண்டு. நம் ஆலைகளில் பெரும்பாலும் சுண்ணாம்பும் கந்தக வாயுவும்தான். பொங்கலுக்கு வெல்லம் இருக்கும்போது இந்தக் கவலை எதற்கு?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு பெரியவர்: அம்மா, சிக்கனம் சரி, உங்கள் கொள்கையும் சரி. ஆனால் பால் பொங்கினால்தான் பொங்கல். பாலே ஊற்றாத பானையைச் சூரியனுக்கு எப்படிப் படைப்பது?

ஐயா, வணக்கம். படையலை விடச் சொல்கிறவள் நானில்லை. ஆனால் பானையில் பொங்கி வழிவது பால் மட்டும்தானா? நம் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளில் அரிசி களைந்த இரண்டாம் நீரைத்தான் பானையில் ஊற்றி உலை வைக்கிறார்கள். ஒரு கரண்டிப் பால் அதன் மேல் விடுவது உண்டு. அந்தக் கரண்டி இல்லாவிட்டாலும் பானை பொங்கும். கழுநீரில் அரிசியின் மாவு கரைந்திருக்கிறது. கொதிக்கும்போது நுரை உடையாமல் மேலே மேலே ஏறுவது அதனால்தான். புது அரிசியில் நுரை இன்னும் நன்றாக எழும்பும். வாய் குறுகிய பானை, முக்கால் பங்குக்கு மேல் நீர், நல்ல தீ, மூடி போடக் கூடாது, கரண்டி விடக் கூடாது. கிழக்குப் பக்கம் வழிய வேண்டுமென்றால் பானையை இம்மியளவு அந்தப் பக்கம் சாய்த்து வையுங்கள்.

பண்ருட்டியிலிருந்து ஒரு சகோதரி: அக்கா சொல்வது உண்மை. என் மாமியார் வீட்டில் கழுநீர்தான் பொங்கும். மாடு இல்லாத வீடு அது.

அதே பெரியவர்: கழுநீர் பொங்கும் என்பதை மறுக்கவில்லை. எங்கள் தாயார் காலத்திலிருந்து பசும்பால்தான். வழிவழியாக வருவதை மாற்றுவானேன்?

உங்கள் வீட்டுப் பானையில் பால் ஊற்றக் கூடாது என்று நான் எழுதவில்லை ஐயா. பால் வாங்க வசதி இல்லாத வீட்டிலும், பால் வேண்டாம் என்று முடிவெடுத்த வீட்டிலும் பொங்கல் குறைவுபடாது என்கிறேன். விளைந்த நெல்லுக்கும் கரும்புக்கும் மஞ்சளுக்கும் நன்றி சொல்லும் நாள் இது. இவை மூன்றும் மண்ணிலிருந்து வந்தவை. இவற்றை வைத்தே படையல் முழுமை பெறும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து ஓர் இளைஞர்: பால் குடிப்பவர்களிடம் என்ன பணிவு? கன்றின் பாலைத் திருடுகிறார்கள் என்று நேராகச் சொல்லுங்கள்.

தம்பி, அந்தக் குரல் இங்கே வேண்டாம். கன்று முட்டி முட்டிக் குடிக்கும்போது இழுத்துக் கட்டுவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நானும் பாலை விட்டேன். ஆனால் வயதில் பெரியவர் கேட்ட கேள்வி நியாயமானது, அவர் மரியாதையாகவும் கேட்டார். நம் சாப்பாடு ருசியாக இருந்தால் அவரே ஒரு கரண்டி கேட்டு வாங்குவார். அதற்கு வழி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வடலூரிலிருந்து: வள்ளலார் பால் பற்றி என்ன சொன்னார் என்று விளக்குங்களேன்.

1867இல் அவர் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது, பசித்தவர் யார் வந்தாலும் அங்கே சோறு உண்டு. புலால் கூடாது என்றார். பால் பற்றிய விளக்கத்தை அங்குள்ள சன்மார்க்க அன்பர்களிடம் கேளுங்கள், அது என் துறை அல்ல.

பால் பொங்குவது பற்றி இதோடு நிறுத்திக்கொள்கிறேன். இன்னும் நாலைந்து பேர் இதையே எழுதியிருக்கிறீர்கள். மார்க்கெட் போக வேண்டியவர்கள் காத்திருக்கிறார்கள்.

முத்தியால்பேட்டையிலிருந்து: அக்கா, நெய்க்குப் பதில் என்ன ஊற்றுவது?

லாசுப்பேட்டை சகோதரிக்கு எழுதியதைப் படியுங்கள்.

வில்லியனூரிலிருந்து: பொங்கல் நேரத்தில் காய் விலை ஏறிவிடுகிறது. எதை எப்போது வாங்குவது?

கெடாதவற்றை நான்கைந்து நாள் முன்பே வாங்குங்கள். பரங்கி, சேனை, சர்க்கரைவள்ளி, தேங்காய் எல்லாம் வீட்டில் இருந்தால் ஒன்றும் ஆகாது. பரங்கியைக் கீற்றாக வாங்காமல் பக்கத்து வீட்டோடு சேர்ந்து முழுக்காயாக வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். அவரை, கத்தரி, கீரை மட்டும் போகியன்று. புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் காலைக் கூட்டத்தில் பேரம் பேச முடியாது. கடலூரில் இருப்பவர்கள் உழவர் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள்.

பச்சை மொச்சையில் கவனம். கிலோ விலை மலிவாகத் தெரியும், உரித்தால் எடையில் பாதிகூட நிற்காது. தோலை அழுத்தினால் உள்ளே பருப்பு உருள வேண்டும். தட்டையாக இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். காசு இடித்தால் காய்ந்த மொச்சையை முந்தின இரவே ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். பரங்கி, சேனை, கத்தரி, மொச்சை நான்கையும் ஒரே புளிக்குழம்பில் போட்டு, கடைசியில் ஒரு கைப்பிடி தேங்காய் அரைத்து விட்டால் அதுவே பொங்கல் குழம்பு. ஏழு காய் இருந்தே ஆக வேண்டும் என்று கடன் வாங்காதீர்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து: ரேஷன் பொருளில் எதெல்லாம் பயன்படும்?

எல்லாமே. 2025 பொங்கலுக்குத் தமிழ்நாட்டு அட்டைக்குப் பச்சரிசி ஒரு கிலோ, சர்க்கரை ஒரு கிலோ, முழுக் கரும்பு கொடுத்தார்கள். மாதாமாதம் கிடைக்கும் துவரம்பருப்பும் பாமாயிலும் சாம்பாருக்கும் வடை சுடுவதற்கும் போதும். உளுந்து வடையில் பாலுக்கு வேலையே இல்லை. புதுச்சேரி அட்டைக்கு ஏற்பாடு வேறு, உங்கள் பகுதிக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாகூரிலிருந்து: பலாப்பழப் பாயசம் தேங்காய்ப்பாலில் வைக்கலாமா?

வைக்கலாம், சித்திரைக்குப் பிறகு. தையில் பலா தேடிப் பணத்தைக் கரைக்காதீர்கள்.

பெயர் சொல்லாத ஒருவர்: பால் விட்டதிலிருந்து சோர்வாக இருக்கிறது. பி12 குறைவு என்கிறார்கள். எந்தக் காய் சாப்பிடலாம்?

காயில் கிடைக்காது. மருத்துவரைப் பாருங்கள், இரத்தப் பரிசோதனை செய்து அவர் சொல்லும் மாத்திரையைச் சாப்பிடுங்கள். சமையல்காரியிடம் இதற்கு மருந்து கேட்காதீர்கள்.

நெட்டப்பாக்கத்திலிருந்து: நெய்க்குப் பதிலாக டால்டா?

தேங்காய் எண்ணெய். மேலே எழுதியிருக்கிறேன், தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

பாகூரிலிருந்து மற்றொருவர்: தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குத் தென்பெண்ணைக் கரைக்குப் போவோம். எட்டுப் பேர். வெளியில் வாங்கினால் கட்டுப்படியாகாது. என்ன கட்டிக்கொண்டு போவது?

புளியோதரை. ரேஷன் புழுங்கலரிசி போதும், ஒரு கிலோ வடித்து ஆறவையுங்கள். புளிக்காய்ச்சலை முந்தின இரவே செய்துவிடுங்கள். நல்லெண்ணெய் மேலே பிரிந்து மிதக்கும் வரை சுண்ட வேண்டும், அதற்கு முன் இறக்கினால் மதியத்துக்குள் சோறு ஈரமாகிவிடும். வறுத்த நிலக்கடலை, வறுத்துப் பொடித்த எள், வெந்தயம். சாதம் முழுக்க ஆறிய பிறகே கிளறுங்கள். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல் அல்லது மிளகாய்த் துவையல். தேங்காய்ச் சட்னியோ தேங்காய் அரைத்த கூட்டோ கட்டவே கட்டாதீர்கள், வெயிலில் புளித்துவிடும். கரையில் சுருளிக்கிழங்கு விற்பார்கள், பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடுங்கள்.