ஜெயிக்கிற வேட்பாளர்

அன்புள்ள ஐயா,

2022இல் எங்கள் பேரூராட்சியில் கவுன்சிலராக ஜெயித்தேன். 2024 மக்களவைத் தேர்தலுக்குக் கட்சியில் விருப்ப மனு கொடுத்தேன். நேர்காணலில் முதல் கேள்வியே "எவ்வளவு செலவு பண்ணுவீங்க?" என்பதுதான். அப்புறம் மாவட்டச் செயலாளர் தனியாகக் கூப்பிட்டு, "பொம்பளைங்களுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு இல்லம்மா, ஜெயிக்கிற வேட்பாளரா பார்க்கணும்ல" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறதோ என்று சில சமயம் தோன்றுகிறது. 33 சதவீத இடஒதுக்கீடு வந்தால் இதெல்லாம் மாறிவிடுமா?

ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள திண்டுக்கல் வாசகிக்கு,

நியாயம் இல்லை. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

2019இல் ஒடிசாவில் அப்போதைய முதல்வரும் பிஜு ஜனதா தளத் தலைவருமான நவீன் பட்நாயக், தன் கட்சி மக்களவைக்கு நிறுத்துகிறவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்று அறிவித்தார். 21 தொகுதிகளில் 7 பெண்கள் நின்றார்கள், 5 பேர் ஜெயித்தார்கள். அதே கட்சியின் 14 ஆண்களில் ஜெயித்தது 7 பேர். அஸ்காவில் நின்ற பிரமிளா பிசோயி, மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்தவர். பள்ளிப் படிப்பு ஆரம்ப வகுப்போடு சரி. நவீனே ஒரு காலத்தில் நின்று ஜெயித்த அந்தத் தொகுதியை, 2 லட்சம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் பிடித்தார். உங்களை உட்கார வைத்த நேர்காணலில் அவரை உட்கார வைத்திருந்தால் முதல் கேள்வியோடு அனுப்பியிருப்பார்கள். (2024இல் அதே கட்சிக்கு மக்களவையில் ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. ஆண்களும் தோற்றார்கள், பெண்களும் தோற்றார்கள்.)

"நாம் தமிழர் 40 தொகுதியில் 20 பெண்களை நிறுத்தியதே, யாராவது ஜெயித்தார்களா?" என்று அடுத்து கேட்பார்கள். மீதி 20 ஆண்களில் யார் ஜெயித்தார் என்று திருப்பிக் கேளுங்கள்.

செலவு விஷயம் வேறு. மக்களவை வேட்பாளர் சட்டப்படி 95 லட்சம்தான் செலவழிக்கலாம். நேர்காணலில் கேட்டது அந்த 95 லட்சத்தைப் பற்றி இல்லை என்று உங்களுக்கே தெரியும். நிலமும் வீடும் அப்பா பெயரிலோ கணவர் பெயரிலோ இருக்கிற ஊரில், அந்தக் கேள்விக்குச் சொந்தமாகப் பதில் சொல்லக்கூடிய பெண் எத்தனை பேர்?

ஆனால் உங்கள் பெயர் அதற்கு முன்பே பட்டியலிலிருந்து விழுந்திருக்கும். தலைமை கேட்பது மாவட்டச் செயலாளரைத்தான். அந்தப் பொறுப்பில் இருக்கும் பெண் என்றால் தி.மு.க.வில் தூத்துக்குடி கீதா ஜீவன் பெயர்தான் சட்டென்று வருகிறது. அவருடைய அப்பா என்.பெரியசாமியும் அங்கே மாவட்டச் செயலாளராக இருந்தவர். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் இங்கே சட்டமே வந்தது. கட்சி ஆபீசுக்குள் அது நுழையவில்லை. ஆரத்தி எடுக்க, வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்க மகளிர் அணி. தலைமைக்குப் பெயர் சொல்ல வேறு ஆட்கள்.

இதையெல்லாம் தாண்டி வந்தால் கூட்டணி இருக்கிறது. 2021 கேரள சட்டமன்றத் தேர்தலில் லதிகா சுபாஷ் ஏற்றுமானூர் தொகுதியைக் கேட்டார். மாநில மகளிர் காங்கிரஸ் தலைவியே அவர்தான். தொகுதி கூட்டணிக் கட்சியான கேரள காங்கிரஸ் ஜோசப் பிரிவுக்குப் போனது. திருவனந்தபுரத்தில் கட்சி அலுவலக வாசலிலேயே உட்கார்ந்து மொட்டை அடித்துக்கொண்டார். பிறகு சுயேச்சையாக நின்று தோற்றார். ஊரெல்லாம் மொட்டையைப் பற்றித்தான் பேசியது. பங்கீட்டுப் பேச்சில் தொகுதியை விட்டுக்கொடுக்க ஆள் தேடும்போது, பின்னால் மாவட்டச் செயலாளர் பலம் இல்லாதவர்களின் தொகுதிதான் முதலில் கைமாறுகிறது என்பது என் எண்ணம்.

33 சதவீதத்துக்கு வருகிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் நடைமுறை என்று 2023 சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. வரட்டும், வந்தால் நல்லதுதான். பெண்ணைத்தான் நிறுத்தியாக வேண்டும், சரி. எந்தப் பெண்ணை என்று முடிவு செய்யப்போவது அதே ஆட்கள். தலைவி கையெழுத்துப் போட, அவர் வீட்டுக்காரர் அலுவலகம் நடத்தும் பேரூராட்சிகள் உங்கள் பக்கத்திலேயே இருக்கும்.

அதனால் சீட்டுக்கு மட்டும் மனு கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். உட்கட்சித் தேர்தல் வரும்போது பேரூர்ச் செயலாளர் பொறுப்புக்கு நில்லுங்கள். மகளிர் அணியில் ஏதாவது பதவி தருகிறோம், வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சமாதானம் பேச வருவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.