எல்லாப் பாட்டுக்கும் ரெஜிஸ்ட்ரேஷன் போட வேண்டுமா?

கேள்வி: யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்700 வைத்திருக்கிறேன். கல்யாண ரிசப்ஷன்களில் தனியாக வாசிப்பேன். அவ்வப்போது ஒரு மெல்லிசைக் குழுவோடும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் வாசிக்கிறேன். கீபோர்டோடு வந்த ஸ்டைலையும் (தானாக ஓடும் தாளப் பின்னணி), ஓடிஎஸ் பொத்தான்களையும் (ஒன் டச் செட்டிங்; ஸ்டைலுக்குப் பொருந்தும் வாய்ஸை, அதாவது வாத்திய ஒலியை, ஒரே அழுத்தில் தருபவை) வைத்தே சமாளித்து வருகிறேன். குழுவில் இருக்கும் அண்ணன் ஒருவர், ஒவ்வொரு பாட்டுக்கும் தனி ரெஜிஸ்ட்ரேஷன் (கீபோர்டின் அமைப்பை ஒரு பொத்தானில் பதிந்து வைப்பது) செய்து வைத்திருக்கிறார். நானும் அப்படிச் செய்ய வேண்டும் என்கிறார். அவ்வளவு உழைப்பு தேவையா?

பதில்: குழுவில் வாசிக்கும்போது அவர் சொல்வது சரி. ரிசப்ஷனில் பாதி சரி. சர்ச்சில் வேண்டவே வேண்டாம்.

நான் பார்ப்பது ஒன்றுதான்: பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, கையை எடுத்துத் திரையைத் தொட நேரம் கிடைக்காத இடம் எது? அங்கே ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டும். நேரம் கிடைக்கிற இடத்தில் கீபோர்டில் இருப்பதே போதும்.

முதலில் மெல்லிசைக் குழு. அங்கே தபலா, டிரம்ஸ், ரிதம் பேட், பேஸ் கிட்டார் என்று ஆட்கள் இருப்பார்கள். ஸ்டைலுக்கு வேலையே இல்லை. உங்கள் வேலை முழுக்க பிஜிஎம்மில் (பின்னணி இசையில்) இருக்கிறது. எண்பதுகளின் சினிமாப் பாட்டு எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இன்டர்லூடில் (இடையிசையில்) ஸ்ட்ரிங்ஸ் வரும், நாலு பாரில் (தாள அளவில்) புல்லாங்குழல் வரும், அது முடியும் முன்பே கிட்டார் பிட் ஒன்று வந்து போகும். இதற்குத் திரையில் வாய்ஸ் தேடிக்கொண்டிருந்தால் பாடகர் சரணத்துக்கு வந்துவிடுவார்.

ஆகவே இப்படிப்பட்ட பாட்டுக்கு ஒரு பேங்க் (ரெஜிஸ்ட்ரேஷன் பொத்தான்களின் தொகுப்பு) என்று ஒதுக்குங்கள். பாட்டில் வரும் வரிசையிலேயே பொத்தான்களை நிரப்புங்கள்: முன்னிசை, பல்லவிக்குப் பின்னணி, முதல் இன்டர்லூடின் குழல், அப்புறம் ஸ்ட்ரிங்ஸ். ரெஜிஸ்ட்ரேஷன் சீக்வென்ஸில் அந்த வரிசையைக் கொடுத்து, அடுத்ததுக்குப் போகும் வேலையை ஒரு பெடலுக்குத் தந்துவிட்டால், இரண்டு கையும் கீபோர்டின் கட்டைகளிலேயே இருக்கும். பதிவு செய்யும்போது மெமரி திரையில் ஒரு பட்டியல் வரும். அதில் வாய்ஸை மட்டும் டிக் செய்து, ஸ்டைல், டெம்போ, டிரான்ஸ்போஸ் (சுருதி மாற்றம்) எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். நீண்டு ஒலிக்கும் சுரத்தின் நடுவில் பெடலை மிதிக்காதீர்கள்; எஃபெக்ட் மாறும்போது அந்தச் சுரத்தின் வால் அறுந்துபோகலாம். மூச்சு விடும் இடம் பார்த்து மிதிக்க வேண்டும்.

குழுவின் எல்லாப் பாட்டுக்கும் இது தேவைப்படாது. ஒரு பியானோ, ஒரு ஸ்ட்ரிங்ஸ் என்று முடிந்துவிடும் பாட்டுக்கு வலது கைக்கான வாய்ஸ் பகுதிகளில் ரைட் 1-இல் ஒன்று, ரைட் 2-இல் இன்னொன்று வைத்து ஆன், ஆஃப் செய்தால் போதும். உங்கள் அண்ணன் இதற்கும் பேங்க் போட்டிருந்தால், அது அவருடைய ஆசை என்று விட்டுவிடுங்கள்.

ரிசப்ஷன் வேறு மாதிரி. பெண்ணின் மாமா மேடைக்கு வந்து, நீங்கள் பட்டியலிலேயே வைத்திராத பாட்டு ஒன்றைக் கேட்பார். பாட்டுக்கு ஒரு பேங்க் வைத்திருப்பவர் அங்கேதான் திணறுவார். தாள நடைக்கு ஒரு ரெஜிஸ்ட்ரேஷன் என வைத்திருப்பவருக்குக் கவலை இல்லை. மெதுவான மெலடி, நடுத்தர வேகத்தில் நாலு பை நாலு, திஸ்ர நடைக்கு ஆறு பை எட்டு, அதிலேயே கிராமியச் சாயலில் ஒன்று, மூன்று பை நாலு, ஒரு குத்து, ஒரு டிஸ்கோ. இத்தனை இருந்தால் கேட்கிற பாட்டில் பெரும்பாலானவற்றைத் தொட்டுவிடலாம். வேகத்தை டேப் டெம்போவில் தட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்டைலோடும் நாலு ஓடிஎஸ் வருகிறது. வாய்ஸ் மாற்ற அதுவே போதும். ஓடிஎஸ் லிங்க் ஆன் செய்தால், ஸ்டைலின் நாலு வகைகளான மெயின் ஏ, பி, சி, டி மாறும்போது வாய்ஸும் கூடவே மாறும். ஆனால் பல்லவியிலிருந்து சரணத்துக்குப் போகும்போது, நீங்கள் கேட்காமலேயே சாக்ஸபோன் வந்து நிற்கும் ஆபத்தும் உண்டு. நான் என்றால் ஆஃபில் வைப்பேன்.

இந்த நடை ஸ்டைல்களில் ஒரு மாற்றத்தை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். இதற்கு ஒரு சாயங்காலம் ஆகும், பலன் பெரிது. ஒரு ஸ்டைலில் எட்டுத் தடங்கள் இருக்கின்றன: ரிதம் இரண்டு, பேஸ், கார்ட் (சுரக்கூட்டு) இரண்டு, பேட் (நீண்டு ஒலிக்கும் பின்னணி), ஃபிரேஸ் (சிறு அலங்காரத் துணுக்கு) இரண்டு. மிக்ஸரில் போய் இரண்டு ஃபிரேஸையும் ஆஃப் செய்யுங்கள். தேவைப்பட்டால் பேடையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காரணம் இதுதான். நீங்கள் சி மேஜர் கார்டு பிடித்தால், ஃபிரேஸ் தடம் மேஜர் ஸ்கேலுக்கான டி, ஏ சுரங்களைத் தாராளமாகத் தொடும். பாட்டு மாயாமாளவகௌளை ராகச் சாயலில் இருந்தால் பாடகர் பாடுவது அவற்றுக்கு அரைச் சுரம் கீழே இருக்கும் சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும். இரண்டும் ஒன்றோடொன்று உரசும். கேட்பவருக்கு ஏன் என்று தெரியாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். ரிதமும் பேஸும் ஒரு கார்டும் ஓடினால் நம் பாட்டுக்கு மிச்சத்தை உங்கள் வலது கை பார்த்துக்கொள்ளும். இன்ட்ரோவிலும் இதே சங்கடம் உண்டு. இரண்டாவது, மூன்றாவது இன்ட்ரோக்கள் பெரும்பாலும் தாமாகவே கார்டுகளை ஓட்டும். சிங்க் ஸ்டார்ட்டில் (இடது கை கார்டு பிடித்ததும் ஸ்டைல் தொடங்கும் அமைப்பு) வைத்து நீங்களே முன்னிசை வாசித்துத் தொடங்குவது நல்லது.

அடுத்தது சுருதி. மெமரி பட்டியலில் டிக்கை எடுக்காவிட்டால், ரெஜிஸ்ட்ரேஷன் டிரான்ஸ்போஸையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். ஒத்திகையில் சுருதியை இரண்டு கட்டைக்குப் போட்டு வைத்திருப்பீர்கள். மேடையில் பாடகி தொண்டை கட்டி ஒன்றரைக்கு இறக்கச் சொல்வார். இறக்குவீர்கள். அடுத்த பொத்தானை அழுத்தியதும் பழையபடி இரண்டுக்கு ஏறிவிடும். இதைத் தடுக்கத்தான் ஃபிரீஸ் (டிக் செய்ததை மாறவிடாத வசதி) இருக்கிறது. ஃபிரீஸ் பட்டியலில் டிரான்ஸ்போஸை டிக் செய்து, ஃபிரீஸ் பொத்தானை ஆன் செய்து வைத்துவிடுங்கள். நிகழ்ச்சி தொடங்கும் முன் அந்த விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது மைக் சோதனை மாதிரி பழக்கமாகட்டும்.

சர்ச்சில் சபை எந்த ஸ்கேலில் தொடங்குகிறதோ அந்த ஸ்கேலில்தான் நீங்கள் சேர முடியும். ஒரு பியானோ, ஒரு ஆர்கன், மெல்லிய ஸ்ட்ரிங்ஸ், தாளத்துக்கு இரண்டு மூன்று ஸ்டைல் போதும்; இவற்றை நேரடியாகவே எடுத்துக்கொள்ளலாம். ஃபிங்கரிங்கை (இடது கை கார்டைக் கீபோர்டு படிக்கும் முறை) ஃபிங்கர்டு ஆன் பேஸில் வைத்தால் இடது கையின் கீழ் சுரம் பேஸாக ஒலிக்கும். பாமாலைகளுக்கு அது பொருந்தும்.

எதைச் செய்தாலும் வால்யூமைச் சமன் செய்யாமல் விடாதீர்கள். வீட்டில் ஹெட்போனில் செய்த அமைப்பு மண்டபத்து ஸ்பீக்கரில் வேறு மாதிரி கேட்கும்: பேஸ் குழம்பும், ரிவெர்ப் (எதிரொலி) இரட்டிப்பாகும். குழல் பொத்தானிலிருந்து ஸ்ட்ரிங்ஸுக்குப் போனதும் சத்தம் குதித்தால் அதை எல்லோருமே கவனிப்பார்கள். ரிவெர்ப்பைக் குறைத்து வைத்து, பொத்தான்களை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தி ஒரே அளவுக்குக் கொண்டு வாருங்கள்.

கடைசியாக, பென் டிரைவ். ரெஜிஸ்ட்ரேஷன் பேங்க், ஸ்டைலைத் தனக்குள் வைத்துக்கொள்ளாது. அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளும். ஃபோல்டரின் பெயரை மாற்றினாலோ ஃபைலை நகர்த்தினாலோ, பொத்தான் அந்த ஸ்டைலைக் கண்டுபிடிக்காது. எக்ஸ்பான்ஷன் பேக்கில் (கூடுதலாக ஏற்றும் தொகுப்பு) ஏற்றிய வாய்ஸும் அப்படித்தான். வெளியூர் நிகழ்ச்சியில் வாடகைக் கீபோர்டு தந்தால் அந்த வாய்ஸ் அதில் இருக்காது. அப்படிப்பட்ட நாளுக்கென்று, கீபோர்டோடு வந்த வாய்ஸும் ஸ்டைலும் மட்டுமே கொண்ட ஒரு பேங்கைத் தனியாகச் செய்து, இன்னொரு பென் டிரைவில் போட்டு வையுங்கள். மாடல் வேறாக இருந்தால் அதுவும் திறக்காமல் போகலாம். அதனால் நடை ஸ்டைல்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி கீபோர்டு உறைக்குள் செருகிவிடுங்கள்.